பாம்புக்காது அக்காவும் பதினோரு ஃபேன்களும்

காலையிலிருந்து வந்த டேபிள் ஃபேன்களில் பதினோராவதுக்கும் அவள் பெருக்கல் குறிதான் போட்டாள். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. காற்றுச் சத்தத்துக்குப் பின்னால், மெல்லிய கம்பியை யாரோ இழுத்துக்கொண்டே போவது போல ஒரு 'கீ...'. வழக்கமாக நூறு ஃபேனுக்கு ஒன்றோ இரண்டோதான் தேறாமல் போகும். இப்படி வரிசையாகப் பதினொன்று படுத்துக்கொண்டதை அவளுடைய பத்தொன்பது வருஷ சர்வீஸில் பார்த்ததே இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் 'பாம்புக்காது அக்கா' என்று சொன்னால்தான் அவளை யாருக்கும் தெரியும். ஃபேன்கள் பெட்டிக்குள் போவதற்கு முன்பு கடைசியாக வந்து நிற்கும் இடம் அவளுடைய அறை. சுவர், கதவு, கூரை எல்லாவற்றிலும் பஞ்சு அடைத்த அறை. நடுவில் ஒரு மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர். தடித்த மூக்குக்கண்ணாடியும், கேட்டால்கூட வாய் திறக்காத சுபாவமும் கொண்ட அந்த மனிதர் ஆறு வருஷமாக அங்கே இரண்டாவது காது.

ஃபேன் அரை நிமிஷம் ஓடும். இருவரும் கேட்பார்கள். பிறகு அடுத்தவர் கண்ணில் படாமல் அட்டையை மறைத்து வைத்துக்கொண்டு, நல்லதென்றால் டிக், இல்லையென்றால் பெருக்கல் போடுவார்கள். இரண்டு குறியும் ஒத்துப்போகாவிட்டால் மேனேஜர் நேரில் வந்து கேட்டு முடிவு சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட வர வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மேனேஜர் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

அந்தப் பதினொன்றுக்கும் கண்ணாடிக்காரரும் பெருக்கல்தான் போட்டிருந்தார். அப்புறம் என்ன சந்தேகம்? அவள் நேரே மேனேஜரிடம் போய், புதிதாக வந்திருக்கும் பேரிங் சரியில்லை என்று சொல்லிவிட்டாள். பாம்புக்காது சொன்ன பிறகு அப்பீல் ஏது? மத்தியானத்துக்குள் பேரிங் லோடு முழுவதும் வந்த வழியே திரும்பிப் போனது.

சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களெல்லாம் நின்றன. கை கழுவுகிற இடத்தில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அங்கேயும் 'கீ...'. பக்கத்தில் ஃபேன் இல்லை, பேரிங் இல்லை. குழாயை மூடிப் பார்த்தாள். இரண்டு காதையும் பொத்திப் பார்த்தாள். பொத்தியதும் அது இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டு பாட ஆரம்பித்தது.

அவளுக்குக் காதை வைத்துத்தான் அந்த நாற்காலி. வேறு வேலை எதுவும் தெரியாது. காதுக்குக் கேடு என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், மறுநாள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அது சரி, கண்ணாடிக்காரரும் பெருக்கல் போட்டாரே? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஃபேனும் கெட்டிருக்கிறது, காதும் கெட்டிருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்தது தன்னுடைய போறாத காலம்.

வீட்டில் விஷயம் இன்னும் முற்றியது. 'கீ' போதாதென்று மற்றச் சத்தங்களெல்லாம் ஊசியாகக் குத்த ஆரம்பித்தன. தட்டில் கரண்டி பட்டால் பல் கூசியது. பாலிதீன் பையை யாராவது கசக்கினால் அடிக்கக் கை ஓங்கத் தோன்றியது. கணவர் சாயங்காலம் டீயோடு பிஸ்கட் கடித்தால் தலைக்குள் செங்கல் உடைக்கிற மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவை அதைக் கடிச்சீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்."

"பிஸ்கட்டைக் கடிக்காம வேற என்னதான் பண்றது?"

"ஊற வெச்சு முழுங்குங்க."

கணவர் ஊற வைத்து முழுங்கினார். எட்டாவது படிக்கிற மகள் தன் பழைய சாக்ஸையெல்லாம் எடுத்து நாற்காலிக் கால்களுக்கு மாட்டிவிட்டாள். ஒரே வாரத்தில் வீடு முழுக்கப் பூனை நடை, கை ஜாடை. உப்பு வேண்டுமென்றால் கணவர் இரண்டு விரலால் தூவிக் காட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோவார். வந்து பார்த்த நாத்தனார், இருவருக்கும் பெரிய சண்டை என்று நினைத்து இரண்டு மணி நேரம் சமாதானம் பேசிவிட்டுப் போனாள்.

அவளோ போதாக்குறைக்குக் காதில் பஞ்சையும் வைத்துக்கொண்டாள். வீடு அடங்க அடங்க உள்ளே இருந்ததற்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கேட்க வேறெதுவும் இல்லையென்றால் அதைத்தானே கேட்டாக வேண்டும்.

தொழிற்சாலையில் பிழைக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். டிக் போட பென்சிலுக்கு ஒரு இழுப்பு, பெருக்கலுக்கு இரண்டு. எதிரே அட்டை தெரியாவிட்டாலும் முழங்கை தெரியுமே. இத்தனை வருஷமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பதுதான் அவள் வழக்கம். இப்போது முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தாள்.

திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக்காரர் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைந்தது, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள். மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும். அவர் அவள் முகத்தைப் பார்க்க, அவள் அவர் முழங்கையைப் பார்க்க, அரை நிமிஷம் ஓட வேண்டிய ஃபேன் நடுவில் மூன்று நிமிஷம் ஓடியது. வெளியே தள்ளுவண்டி போகும். அந்த அறைக்குள் மற்றவர்களுக்கு அது கேட்காது. அவளுக்கு மட்டும் கடகடவென்று மண்டைக்குள் இறங்கும், முகத்தைச் சுளிப்பாள். எதிரே முழங்கை இரண்டு தரம் அசையும். அவளும் பெருக்கல் போடுவாள். மனுஷனுக்கு என்ன காது, எனக்குப் பிடிபடாத கோளாறெல்லாம் பிடிபடுகிறதே என்று பயத்துக்கு நடுவிலும் வியந்துகொள்வாள்.

தேறாத ஃபேன்கள் கிடங்கு நிறைந்து தாழ்வாரத்துக்கு வந்தன. இரண்டாவது ஆளிடம் வாங்கிய பேரிங்கும் திரும்பிப் போனது. முதல் பேரிங்காரர் நேரிலேயே வந்து, இருபது வருஷத்தில் தன் சரக்கை யாரும் குறை சொன்னதில்லை என்று மேனேஜரிடம் நாத்தழுதழுக்கச் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பொறுத்துப் பார்த்த கணவர் ஒரு நாள் லீவு போட்டு அவளைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்.

"இந்தச் சத்தம் போயிடுமா டாக்டர்?"

"போகலாம், கொஞ்சம் தங்கவும் செய்யலாம். ஆனா பயந்து பயந்து நீங்க கவனிக்கிறதுலதான் அது பெருசாத் தெரியுது. பழகிட்டா மனசு அதைக் கண்டுக்காது. முதல்ல பஞ்சை எடுங்க. வீட்டை ஏன் இப்படி அமைதியா வெச்சிருக்கீங்க? லேசா ஏதாவது சத்தம் ஓடட்டும்."

"என்ன மாதிரிச் சத்தம்?"

"ஃபேன் சத்தம் மாதிரி."

கணவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் வீட்டு ஃபேன்கள் எல்லாம் அவளே ஆயிரத்தில் ஒன்றாகப் பொறுக்கிக் கொண்டுவந்தவை. ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளக் கையை நீட்டிப் பார்க்க வேண்டும்.

அதனால் மறுநாள் கிடங்கில் சொல்லிவிட்டு, தேறாத ஃபேன்களில் மூன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கைக்கு வந்ததை எடுக்கவில்லை. முதல் நாள் பதினொன்றிலிருந்து, அடையாளம் பார்த்து எடுத்தாள். கணவர் ஒன்றைப் போட்டார். மகள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அம்மா, இதுல சத்தமே இல்லை."

இரண்டாவதைப் போட்டார்கள். மூன்றாவதையும் போட்டார்கள். மூவர் தலைமுடியும் பறந்ததே தவிர, சத்தம் என்று ஒன்று வரவில்லை. அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனையும் நல்ல ஃபேன்கள். நல்ல பேரிங்குகள். ஒரு மனிதரை அழ வைத்தது அவள் காதுதான். பாவம் கண்ணாடிக்காரர், சீனியர் மனசு நோகக்கூடாது என்று அன்றைக்குக் கூடவே பெருக்கல் போட்டிருக்கிறார். அதனால்தான் அப்படிப் பார்த்தாரா? எவ்வளவு நல்ல மனிதர்.

இதற்கிடையில் மகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை நீளமாகக் கிழித்து, ஒரு ஃபேனின் முன்கம்பியில் ஒட்டிவிட்டாள். 'பர்ர்ர்' என்று தாள் அடித்துக்கொண்டது. நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு அப்படியே இருந்துவிட்டாள். 'கீ' எங்கே? இருந்தது, போய்விடவில்லை. ஆனால் மூன்று வாரமாக நடுக்கூடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது எழுந்து உள்ளறைக்குப் போன மாதிரி இருந்தது. தேடினால்தான் கிடைத்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நிம்மதி.

கணவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கடித்தார். கொஞ்சம் குத்தியது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது.

"கடிச்சுக்கோங்க," என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். ஒன்றையும் மறைக்கவில்லை. காதுச் சத்தம், பதினோரு ஃபேன், முழங்கையைப் பார்த்துக் குறி போட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மேனேஜர் உருட்டிக்கொண்டிருந்த பேப்பர் வெயிட்டைக் கீழே வைத்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இதுக்காக உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவேன்னா நெனச்சீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஸ்டோர்ஸில் ஓர் ஆள் தேவைப்படுகிறது, அங்கே ஓயாமல் கொஞ்சம் சத்தமும் இருக்கும், டாக்டர் சொன்னதற்குச் சரியாக இருக்கும் என்றார் மேனேஜர். கிடங்கிலும் தாழ்வாரத்திலும் இருக்கிறதையெல்லாம் மறுபடி சோதிக்கலாம். பேரிங்காரருக்கு மட்டும் அவளே ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் அங்கேயே, அவர் முன்னாலேயே ஃபோன் செய்தாள். அந்தப் பக்கம் பேரிங்காரர் முதலில் திட்டினார், பிறகு சிரித்தார், பிறகு தன் மாமனாருக்கும் இதே சத்தம்தான் என்று பத்து நிமிஷம் விடாமல் பேசினார். ஃபோனை வைத்தபோது தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது அவளுக்கு.

மேனேஜர் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"நல்லவேளை நீங்க இருக்கீங்க. நாளையிலேர்ந்து ரெண்டு குறியையும் நீங்களே போடுங்க. உங்க காது ஒண்ணே போதும்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல் செய்த அதே பார்வையோடு அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் பேசினார்.

"சார், வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அக்கா மூஞ்சியைப் பாத்துதான் நான் குறி போட்டுக்கிட்டிருக்கேன்; நாளையிலேர்ந்து யார் மூஞ்சியைப் பாக்கறது?"