வாசல் நிலையாக நின்ற ஜாதகம் அண்ணாச்சி

தென்காசி வட்டாரத்தில் ஜோசியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜாதகம் அண்ணாச்சி அளவுக்கு ஜாதகம் பார்த்தவர் இந்த உலகத்திலேயே கிடையாது. என்ன, அவர் பார்த்ததெல்லாம் மரத்துக்கு.

குற்றாலத்தில் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் கட்டிய விடுதியில் நான் சைட் இன்ஜினியர். 'பசுமைக் கட்டடம்' என்ற சான்றிதழை வாங்கி மாட்டவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்றே வேலைக்கு வந்தவர் அண்ணாச்சி. காட்டை அழிக்காமல் வளர்த்து வெட்டியது என்று சான்று பெற்ற மரத்துக்கு அதில் தனி மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணை மனுஷர் தன் சொந்த மானமாக எடுத்துக்கொண்டார். எந்தக் காட்டில் நின்றது, யார் அறுத்தது, எந்தக் கடைக்குக் கைமாறியது என்று குடைந்துவிடுவார்.

டீக்கடை பெஞ்சையும் விடவில்லை. "இது எங்கன உள்ள மரம்வே?" என்று கேட்டார். "உக்காந்து குடிக்கேரா, நின்னு குடிக்கேரா?" என்றார் கடைக்காரர். அண்ணாச்சி நின்றே குடித்தார். அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணை விட்டுவிட்டுக் கட்டிலைத் தட்டிப் பார்த்தவர் அவர்.

நிலை வைக்கிற நாள் வந்தது. தேக்கு நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டியாயிற்று. நல்ல நேரம் முடியப் போகிறது. அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார்.

"இத வைக்கப்பிடாது."

"ஏன்வே? மரக்கடைக்காரன் சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து அனுப்பிருக்கானே!" இன்ஸ்பெக்டருக்கு மீசை துடித்தது.

"அது அவன் கடைச் செவத்துல மாட்டுனதுய்யா. இந்த மரம் சான்று உள்ளதுன்னு பில்லுல ஒரு வரி இல்ல. கேட்டா, எல்லாம் ஒரே தேக்குதாங்கான்."

"நேரம் போகுதுவே! இப்பமே வேலைய விட்டு அனுப்பிருவேன்."

"அனுப்புங்க. அதுக்கு முன்ன அன்னா அந்த மலையப் பாருங்க. இது அங்கன திருட்டுத்தனமா வெட்டுனதா இருந்தா? மலை மொட்டையாச்சுன்னா அருவி எங்கன இருந்துய்யா விழும்? அருவி இல்லாம ஒங்க லாட்ஜுக்கு எவன் வருவான்?"

அண்ணாச்சி மகளின் காலேஜ் படிப்பே அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டரின் மனைவிதான் கேட்டார். "சரி அண்ணாச்சி, நல்ல நேரத்துக்கு என்ன செய்ய?"

அவர் யோசிக்கவே இல்லை. வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியில் போய், இரண்டு கைகளையும் மேலே தூக்கி விறைப்பாக நின்றார்.

"நிலை வார வரைக்கும் நான் நிக்கேம்மா. என் ஜாதகம் சுத்தம். பொறந்தது இலஞ்சி, வளந்தது செங்கோட்டை, கைமாறி வந்தது இங்கன."

கொத்தனார் சாந்துச் சட்டியோடு உட்கார்ந்து சிரித்தார். அந்த அம்மாவோ சிரித்துக்கொண்டே அவர் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சூடமே காட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் மலையைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"கைய எறக்கும்வே. வலிக்கப் போகுது."

வேலை போகவில்லை. தேக்குதான் வந்த லாரியிலேயே திரும்பிப் போனது.

பிறகு பில்லில் அந்த ஒரு வரியோடு வேறு நிலை வந்தது, பசுமைச் சான்றிதழும் கிடைத்தது. அண்ணாச்சி இப்போது எங்கோ வெளியூரில் வேறொரு மரக்கடைக்காரர் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறார். சாரல் காலத்தில் நான் அந்த விடுதிக்குப் போனால் உடனே உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று நிலையை ஒரு தடவை தொட்டுக்கொள்வேன். மனுஷரை மனசு ரொம்பத் தேடுகிறது.