படையல் பாட்டிலில் குறைந்த மூன்று விரல்

தவுவா,
மார்ச் 1988

சிட்னியில் இருக்கும் அன்புத் தம்பி அப்பல்சாமிக்கு, அக்கா பொன்னம்மா எழுதிக்கொள்வது. நீயும் ரோஷ்னியும் பிள்ளைகளும் மாரியம்மன் துணையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம். உன் மச்சான் பல்ராம் செத்துப்போனதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. கடிதத்தில் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்று சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். செத்த வீட்டில் எப்படித் தொடங்க வேண்டும் என்பது ஐந்தாவதில் இருந்திருக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. கருமாதி அன்று பல்ராம் மகன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தான் என்று இங்கிருந்து யாரோ போன் போட்டுச் சொன்னதாகவும், மாப்பிள்ளை சுமனுடைய அம்மா குடிகாரக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். நடந்ததை நடந்தபடி எழுது, அந்தம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வரும், அப்படியே காட்டிவிடுகிறேன் என்றாய். இந்தக் கல்யாணம் நின்றால் என் பெண் ஷலேஷ்னிக்கு வேறு வழி இல்லை என்று எனக்கும் தெரியும். போன வருஷம் இந்தத் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவளோடு படித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கனடா, நியூசிலாந்து என்று போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒரு வழியனுப்பு விருந்து. ஆட்டை வெட்டி, பந்தல் போட்டு, பையன்கள் வெளியே குடித்து அழுவார்கள், பெண்கள் உள்ளே பாத்திரம் கழுவி அழுவார்கள். இப்போது வழியனுப்பவும் ஆள் இல்லை. அவளுக்குப் பத்தொன்பது நடக்கிறது. அவள் அங்கே வந்தால்தான் பின்னாலேயே அவள் தம்பி நவ்னீலும் வர முடியும். அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று பட்டாளத்துச் சட்டம். கருமாதி வேலையா சாமி காரியமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாவு வேலை இல்லை, ஆனால் சமையல் வேலை என்று மூத்தார் பாலசுப்பிரமணி சொன்னார். அதனால் அடுப்பை வீட்டுக்குப் பின்னால், ரோட்டுக்குத் தெரியாமல் வைத்தோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும் அல்லவா, உன் மச்சானுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கே தெரியும். மூத்தார் முதல் நாளே டவுனுக்குப் போய் ஒரு ரம் பாட்டில் வாங்கி வந்தார். வழியில் பட்டாளத்துக்காரன் நிறுத்தி இது யாருக்கு என்று கேட்டிருக்கிறான். செத்துப்போன என் தம்பிக்கு என்று இவர் சொல்ல, அவன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு அனுப்பிவிட்டானாம். உன் மச்சான் உயிரோடு இருந்தபோது அவருக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

கோழிக்கறி, மரவள்ளிக்கிழங்கு, பாயசம் எல்லாம் இலையில் வைத்து, பாட்டிலைத் திறந்து கிளாசில் ஊற்றி, விளக்கேற்றி, முன்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்தோம். அவர் வந்து சாப்பிடட்டும் என்று. பின்கதவு வழியாக நாயோ பையன்களோ நுழைந்துவிடக்கூடாது என்று அங்கே ஷலேஷ்னியைக் காவலுக்கு உட்கார வைத்தது மூத்தார் பெண்சாதி ஜான்கி அக்காதான். "பொம்பளப் புள்ளதான் காவலுக்கு லாயக்கு, ஆம்பளப் பசங்கள வச்சா கிளாசு கூட மிஞ்சாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்டிவிட்டுக் கதவைத் திறந்தோம். கறி அப்படியே இருந்தது. கிளாஸ் காலி. நாங்கள் ஊற்றியது போகப் பாட்டிலில் மூன்று விரல் குறைந்திருந்தது. தம்பி, நான் பதினாறு நாளாக அழவில்லை. அன்றுதான் அழுதேன். தினமும் அவர் அளவு அதுதானே. "எந்தம்பி வந்துட்டாண்டா" என்று மூத்தார் பாட்டிலைக் கட்டிக்கொண்டார்.

அதற்குள் மாமரத்தடியில் சத்தம். போய்ப் பார்த்தால் நவ்னீல், பதிமூன்று வயது, கரும்பு லாரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறான். பெரியவர்கள் போதைக்கு நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து வைத்திருந்த சட்டியில் வாந்தி வேறு. அந்தச் சட்டிக்காகத்தான் அவர்களுக்குக் கோபம் வந்தது. பையனுக்காக இல்லை. பையனைத் தூக்கி உட்கார வைத்துத் தோளைத் தட்டினார்கள். "இன்னைக்குதாண்டா உனக்கு மீசை மொளச்சுது" என்று மூத்தார் சிரித்தார். தான் அந்த அறைக்கே போகவில்லை, லாரிக்குப் பின்னால் சதேந்திரா மாமா பீர் கொடுத்தார் என்று பையன் அழுதான். சதேந்திரா வானத்தைப் பார்த்தார். கடைசியில் மூத்தார் தீர்ப்பு சொன்னார்: குறைந்த மூன்று விரலில் ஒரு விரல் மகன் குடித்தது, இரண்டு விரல் அப்பன் குடித்தது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எனக்கு இரண்டு விரல் மிஞ்சியது.

ஷலேஷ்னி அன்று முழுக்க ஓடியாடி வேலை செய்தாள். யாரும் சொல்லாமலே அண்டா குண்டாவெல்லாம் தேய்த்தாள். துக்கத்தில் பாயசத்துக்கு உப்பைப் போட்டுவிட்டாள், அதையும் வந்தவர்கள் மரியாதைக்காகக் குடித்தார்கள். வாயில் ஏலக்காயை மென்றுகொண்டே இருந்தாள். பசியை அடக்க என்று நினைத்தேன். பந்தியில் பெரியப்பனிடம் ஒரு கேள்வி கேட்டாள், இங்கத்துப் பிள்ளைகளுக்கு வருகிற இந்தியில்தான் கேட்டாள், நான் நம் பேச்சில் எழுதுகிறேன். "பெரியப்பா, நீங்க குடிச்சா துக்கம், தம்பி குடிச்சா மீசை. நான் குடிச்சா என்னா சொல்லுவீங்க?" மூத்தார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ எதுக்கும்மா குடிக்கப்போற, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். அவள் ஊற்றினாள். கொஞ்சம் இலையிலும் விழுந்தது.

அடுத்த வாரம் கோவில் கமிட்டியில் கூட்டம் போட்டார்கள். ஊரில் பையன்கள் எல்லாம் குடித்துக் கெட்டுப்போகிறார்கள், பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாப் பையன்களும் மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவு. பெண்களும் பண்ணலாமா என்று யாரோ கேட்டதற்கு, அவர்களுக்கு எதற்குச் சத்தியம், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தட்டைப் பிடித்தது நம் ஷலேஷ்னி. நவ்னீல் விக்கி விக்கி அழுதுகொண்டே சத்தியம் பண்ணினான். நங்கோனா இந்தச் சத்தியத்தில் சேராது என்று பெரியவர்கள் முன்கூட்டியே சாமியிடம் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே தம்பி, நடந்தது இவ்வளவுதான். குடித்தது விவரம் தெரியாத பையன், அதுவும் ஒரு விரல், சத்தியமும் பண்ணியாயிற்று. பெண் தங்கம். வாசனை கூட அறியாதவள். இதை அந்தம்மாவிடம் காட்டிக் கல்யாணத்தை முடித்து வை. ரோஷ்னிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அந்தம்மாவுக்கும் மாப்பிள்ளை சுமனுக்கும் என் வணக்கம். ஆயிரம் கண்ணுடையாள் உங்களை ஒரு கண்ணாலாவது பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா பொன்னம்மா

பின்குறிப்பு: தாளை ஒட்டுவதற்குள் ஷலேஷ்னி வந்து என்ன எழுதினாய் என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, நானே இந்தியில் சொல்லிக்காட்டினேன். மூத்தார் பாட்டிலைக் கட்டிக்கொண்ட இடத்தில் சிரித்தாள். தங்கம் என்ற இடத்தில் சிரிக்கவில்லை. "அம்மா, அப்பா வரல. மூணு விரலும் நான்தான்" என்றாள்.

அன்றைக்கு மட்டும் இல்லையாம். வழியனுப்பு விருந்துகளில் பையன்கள் மிச்சம் வைத்ததைச் சமையலறைக்குக் கொண்டுவந்து குடிக்க ஆரம்பித்தாளாம். அப்பா படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஊற்றிக்கொடுத்தது அவள்தானே, அவர் பாதியில் தூங்கிவிடுவார், மீதியைக் குடித்தால்தான் இவளுக்குத் தூக்கம் வந்ததாம். இப்போது அது இல்லாமல் கை நடுங்குகிறதாம். நவ்னீல் விழுந்ததை ஊரே பார்த்தது. இவள் விழவில்லை, அதனால் நானே பார்க்கவில்லை.

இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு மேலே உள்ளதைக் காட்டு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இது விமானத் தபால் நீலத்தாள், ஒரே தாள். இதைக் கிழித்தால் முதுகுப்பக்கம் இருக்கிற ஆசீர்வாதமும் சேர்ந்து போகும். அதனால் கிழிக்காதே. அந்தம்மாவிடம் முழுசாகக் காட்டு. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். கட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஜான்கி அக்கா சொல்லுவாள், எனக்கு நம்பிக்கை இல்லை. பெண் பிள்ளைக்கு இதற்கு மருந்து பார்க்கிற டாக்டர் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்து எழுது. இங்கே நாளைக்கே அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். நவ்னீல் தன் சத்தியத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கமிட்டியிடம் கேட்கப் போகிறானாம். கேட்கட்டும்.

மிச்ச ரம்மை மாமரத்தடியில் ஊற்றிவிட்டேன். வருஷ திவசத்துக்கு இலையில் சாயா வைக்கப்போகிறேன். பின்கதவில் நானே உட்காருவேன். உன் மச்சான் எங்களைப் பார்க்கத்தான் வருகிறார் என்றால் சாயா குடித்துவிட்டுப் போகட்டும்.