அத்தானின் தலையில் நான் கட்டிய வேகத் தோட்டா

உலகத்துத் துன்பத்தில் பாதி, அரைகுறையாக வாசித்தவன் வாயைத் திறப்பதால் வருகிறது. அந்தப் பாதியில் என் பங்கு கணிசமானது.

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். லண்டனுக்கு வருமுன் அவர் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பல வருடங்கள் இருந்தார். அங்கே பொழுதுபோக்கு என்றால் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றுதான். பனிக்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் போய்ச் சேர்ந்தவர், ஊராருக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். லண்டனில் ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிவந்தபோது அவருடைய ரைபிளும் உரிய அனுமதிகளோடு கூடவே வந்தது. (யுத்தத்திலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்களுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. அதனால் அவர் பட்மின்டன் விளையாடப் போவதாகத்தான் அக்கா சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தாள்.)

அத்தான் இடதுகைக்காரர். அந்த ரைபிளின் மரக்கட்டையை ஜெர்மன் தச்சர் ஒருவர் அவர் கன்னத்துக்கும் தோளுக்கும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தார். பிளம்பிங் வேலை முடித்து, வியாழன் மாலைகளில் லண்டன் கிளப் ஒன்றின் உள்ளரங்கில் குப்புறப் படுத்துச் சுடுவார். நான் கூடப் போய்த் தேநீர் குடிப்பேன். அந்த வருடம் கிளப்புகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு அவரை அணியில் சேர்த்திருந்தார்கள். லண்டனில் யாராவது அவரை எதற்காவது தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. மனுசன் குளிக்கும்போது பாடுகிறார் என்று அக்கா சொன்னாள்.

இந்தச் சந்தோஷத்துக்குள்தான் நான் நுழைந்தேன். அப்போது நான் போத்தல் மூடிகளை வடிவமைக்கும் பொறியியலாளன். (மூடியைத் தெரிந்தவனுக்குத் தோட்டாவும் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு.) அத்தான் சுட்டது, விளிம்பில் தட்டினால் வெடிக்கும் வகைத் தோட்டா. பற்றவைக்கும் மருந்து அதன் அடி விளிம்புக்குள் இருக்கும். ஊசி தட்டி நசுங்க வேண்டுமென்றால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே வேகம் வேண்டுமானால் குண்டைச் சின்னதாக்குவது ஒரு வழி. புதுத் தோட்டா ஒன்றை உருவாக்கியவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். குண்டின் குறுக்களவை அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டிலிருந்து பதினேழாகக் குறைத்து, வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். இதை அக்கா வீட்டு சோபாவில் இருந்து படம் கீறி விளக்கினேன். சின்னக் குண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போகும் என்பதும் நான் வாசித்த அதே பக்கத்தில், கீழே எழுதியிருந்தது. அவ்வளவு கீழே நான் போகவில்லை.

அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கிளப்பிலை விடுவினமோ? கேட்டனீரோ?”

“இருபத்திரண்டை விடுற இடத்திலை பதினேழை விடமாட்டினமோ அத்தான்? நான் எல்லாம் பாத்திட்டன்.”

கிளப் செயலாளர் மோரீனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்ல காரியத்தை முடியுமுன் வெளியே சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று தடுத்தவனும் நான்தான். புதுத் தோட்டாவுக்குப் புது ரைபிள் வேண்டும், அனுமதி தர அதைச் சுடும் இடத்தையும் காட்ட வேண்டும் என்பதால், லண்டனுக்கு வெளியே திறந்தவெளியில் சுடும் மைதானம் ஒன்றில் அத்தானைச் சேர்த்து, பொலிஸ் அனுமதிக்கும் விண்ணப்பித்தோம். கிடைத்தது. வீட்டில் ஒரு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது அக்காவின் சட்டம். ஆகவே பழையது ஒரு வியாபாரி மூலம் ஸ்கொட்லாந்துப் பக்கம் போய்விட்டது. விஜயதசமி அன்று புதியதற்குச் சந்தனப் பொட்டு வைத்தோம்.

போட்டிக்கு முந்தின வியாழன், எல்லோரையும் அசத்தும் நோக்கத்தோடு கிளப்புக்குப் போனோம். மோரீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டாப் பெட்டியைப் பார்த்தார், பிறகு சந்தனப் பொட்டைப் பார்த்தார். குண்டைத் தடுத்து நிறுத்தும் இந்த அரங்கின் பின்தகடு மெதுவாக வரும் ஈயக் குண்டுக்கானது, இதன் வேகத்துக்குத் தாங்காது, பாதுகாப்பு விதிப்படி இதை உள்ளே சுடவே கூடாது என்றார். அதுபோக, போட்டி இருபத்திரண்டுக்கு மட்டும்தான் என்றார். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “எல்லாம் பாத்திட்டன் எண்டு சொன்னனீர்” என்றார். கோபமே இல்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

போட்டியில் கிளப்பின் பொது ரைபிளால் சுட்டார். அது வலதுகைக்காரருக்குச் செய்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை மறுபக்கம் வளைத்து, கழுத்தைத் திருகி, பல்வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கடைசியாக வந்தார். அணியையும் கூட இழுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அன்பாகக் கைகொடுத்தார்கள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

புதியதைத் திறந்தவெளியில் ஒருநாள் சுட்டுப் பார்த்தார். அன்று அடித்த காற்றில் அவர் குண்டுகள் பக்கத்துக்காரரின் குறி அட்டையில் போய் விழுந்தன. பிறகு கடையில் அந்தத் தோட்டாவே கிடைக்கவில்லை. வாங்குபவர்கள் குறைவு, தொழிற்சாலை எப்போதாவதுதான் போடும் என்றார்கள். (வெற்றுக் கோதுகளில் மறுபடி மருந்து நிரப்பலாமா என்று கேட்டேன். விளிம்பு ஒருமுறை நசுங்கினால் அதோடு சரியாம். போத்தல் மூடியும் அப்படித்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது.)

இன்று எங்கள் குடும்பத்தில் யார் எதைப் புதிதாக வாங்கினாலும் “மோரீனைக் கேட்டாச்சோ?” என்றுதான் கேட்பார்கள். எயார் ஃபிரையருக்கும் கேட்டார்கள், அக்காவின் மகள் தான் பார்த்த மாப்பிள்ளையைக் காட்டியபோதும் கேட்டார்கள். எல்லோரையும் விடக் கூடச் சிரிப்பவர் அத்தான்தான். ஆனால் போட்டிக்குப் பிறகு அவர் கிளப் பக்கம் போனதில்லை.

பழைய ரைபிளைத் திருப்பி வாங்க முயன்றேன். வாங்கியவர் அதன் கட்டையைத் தன் கன்னத்துக்கு ஏற்றபடி சீவிவிட்டாராம். அதை நான் அத்தானுக்குச் சொல்லவில்லை. போன கிழமை அவர் வீட்டுக்குப் போய், இடதுகைக்காரருக்கான நல்ல இருபத்திரண்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், எடுப்போமா என்று கேட்டேன்.

“மோரீனைக் கேட்டனீரோ?” என்றார்.

“ஓம் அத்தான். இந்தமுறை முதல்லையே கேட்டனான்.”

அவர் சிரிக்கவில்லை. “வேண்டாம் தம்பி” என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கார் கழுவப் போனார். அன்று வியாழக்கிழமை. கார் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.