மைக் செட்டுக்கு ஒரு ஏக்கர்

இனி ஊரே என் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் கொடுக்கிற ஆள் இல்லை.

தொழில்: மைக் செட் வாடகை. அப்போதெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆற்றில் தண்ணீர் வராத மாதம் உண்டு, கட்சிக் கூட்டம் நடக்காத நாள் கிடையாது. ஆம்ப்ளிஃபையர், பேட்டரி, மைக், இரண்டு குழாய் ஒலிபெருக்கி. மொத்தம் மூவாயிரம். கையில் பதினொரு ரூபாய் இருந்தது.

நாங்கள் உழுத நிலத்தின் சொந்தக்காரர் பண்ணையார் கூப்பிட்டார். "தங்கையா, அந்தக் குத்தகை நிலம் ஒரு ஏக்கரை விட்டுக் குடுத்துடு. மூவாயிரம் தர்றேன்."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஐநூறு முன்பணம் வாங்கினேன். அதில் ஒரு குழாயும் வாங்கிவிட்டேன். அதை வேட்டியிலா மறைக்க முடியும்? வாசலிலேயே என் மனைவி வேம்பு பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது, இம்மாம் பெரிய ஊமத்தம்பூ?"

"தொழில்டி, தொழில்!"

"பணம்?"

"நிலத்தை விட்டுக் குடுத்துட்டேன்."

அழுவாள் என்று பார்த்தேன். அடுப்பை ஊதினாள்.

"அப்புறம் சோத்துக்கு?"

"கூட்டத்துக்கு அம்பது ரூபா வாடகைடி!"

"கட்சிக்காரங்க குடுத்துடுவாங்களா?"

"நம்ம கட்சிடி!"

"அதனாலதான் கேக்குறேன். ஏங்க, நான் கையெழுத்து எதுவும் போடணுமா?"

"உன் கையெழுத்து எதுக்குடி?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் தாலுகா ஆபீஸ். பண்ணையார், நான், பின்னால் வேம்பு. குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "குத்தகைதாரர் பேரு வேம்புன்னு இருக்கு. யாரது?"

குத்தகைப் பெயர்களைப் பதிய அதிகாரி வந்த அன்று நான் ஊரில் இல்லை. குத்தகைதாரரைக் காக்க வந்த அந்தச் சட்டத்தைப் பாராட்டி நடந்த கூட்டத்தில் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்க கையெழுத்துத்தான் வேணும்."

"என் கையெழுத்து எதுக்குங்க?" என்றாள் வேம்பு, என்னைப் பார்த்து.

பண்ணையார் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். குழாய்க்குப் போனதை, வளர்த்த இரண்டு ஆட்டை விற்று வேம்புதான் கட்டினாள்.

"உன் பேர்ல இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி?"

"விட்டுக் குடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமேங்க?"

அதுதான் இன்னும் குத்துகிறது. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மண். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, பாவி எனக்கு.

இப்போது விடிந்ததும் நாற்றங்காலில் நிற்கிறேன். விதை நெல்லைக் கொத்த வரும் குருவிகளை அந்தக் குழாயில் வாய் வைத்துக் கத்தி விரட்டுகிறேன். என் கூலி, வேம்பு விற்ற ஆட்டுக் கணக்கில் கழிகிறது.

குருவிகள்கூட, வேம்பு வந்து கையை ஒரு தட்டுத் தட்டினால்தான் பறக்கின்றன.