கண்ணாடிப் பையும் காய்ச்சிய எண்ணெயும்

மதுரை விமான நிலையம்,
வெளியே, வேப்பமர நிழல்.
சனிக்கிழமை மதியம்.

மதிப்புக்குரிய சுப்புராஜ் மாமா அவர்களுக்கு, சின்னாளப்பட்டியிலிருந்து உங்கள் மச்சினன் தனுஷ் வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் நீங்கள், வினிதா அக்கா, அக்கா வயிற்றில் இருக்கும் புது ஆள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுதுவதற்கில்லை. அது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறது. முடிவு தெரிந்ததும் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

வாய்ஸ் மெசேஜ் போடாமல் ஏன் இவன் இவ்வளவு நீளமாகத் தட்டுகிறான் என்று நினைப்பீர்கள். வாய்ஸ் போட்டால் அக்காவும் கேட்பாள். சிரித்தாலே இடுப்பு வலிக்கிறது என்று போன வாரம்தான் சொன்னாள். அதோடு, எனக்கு இப்போது வேறு வேலையும் இல்லை. உள்ளே போகும்போது அம்மா ஒரு நிபந்தனை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்: "எண்ணெய எடுத்துட்டாங்கன்னா நான் அப்படியே திரும்பிருவேன். பிளேன் மேல ஏறுற வரைக்கும் நீ இங்கனயே நில்லு." அக்காவுக்கு நாள் நெருங்கிவிட்டது, அங்கே உங்களைத் தவிர ஆள் இல்லை, அப்பா ஆடுகளை விட்டு நகர மாட்டார், டிக்கெட்டை மாற்ற முடியாது. இத்தனையும் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாள். அதனால் ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அந்தக் கண்ணால் வந்தது.

எண்ணெய் என்றால் குழந்தைக்குத் தேய்ப்பதற்காக அம்மா கைப்படக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். பெரிய பெட்டியில் போட்டால் ஒரு சிக்கலும் இல்லை என்று முதல் நாளே சொன்னேன். "பெட்டிய அவங்க எங்கிட்டோ தூக்கிட்டுப் போவாங்க. எண்ணெ என் கண்ணவிட்டு மறையக் கூடாது" என்றாள். சரி, கையோடு கொண்டுபோவதற்கு விதி இருக்கிறது: ஒவ்வொரு பாட்டிலும் நூறு மில்லிக்கு மேல் கூடாது, எல்லாம் ஒரே ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும், பை திறந்து மூடும்படி இருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது. நம் வீட்டில் இருந்தது. இருநூறு மில்லி பாட்டிலில் பாதி ஊற்றிக்கொண்டு வந்தாள். பாட்டிலின் அளவுதான் கணக்கு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை என்றேன். "அப்ப காலிப் பாட்டிலும் எண்ணெதானா. எந்தப் பள்ளிக்கூடத்துலடா படிச்சாங்க இவங்க" என்றாள். ஒரு மாலை முழுவதும் இதிலேயே போயிற்று. கடைசியில் மூன்று சின்னப் பாட்டில்களுக்கு இறங்கி வந்தாள்.

பை விஷயத்தை நான் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான் பிளாஸ்டிக் டெக்னாலஜி டிப்ளமோ, ஊருக்கெல்லாம் பை செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற ஆள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் முகமது பாரூக் அண்ணனிடம் போனேன். "தம்பி, இது அன்பிரேக்கபிள்" என்று ஒன்றை எடுத்துப் போட்டார். பை எப்படி அண்ணே உடையும் என்றேன். "அதைத்தான் நானும் சொல்றேன், உடையாது" என்றார். ஜிப்பை இழுத்தேன். ஜிப் கையோடு வந்துவிட்டது. "அது ஜிப்பு தம்பி. நான் சொன்னது பைய." அடுத்து தடிமனான பிவிசி பை ஒன்று கொடுத்தார். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் பிவிசி மெத்தென்று இருப்பதற்கு ஒரு மருந்து கலப்பார்கள். எண்ணெய் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக அந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பை விறைக்கும், மடிக்கிற இடத்தில் வெடிக்கும். இதை விளக்கினேன். பாரூக் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க பை வாங்க வந்தீங்களா, பையி மேல கேஸ் போட வந்தீங்களா" என்றார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், அம்மா பட்டுச்சேலை போட்டுவைக்கிற கவரைக் காலிசெய்து எடுத்து வைத்திருக்கிறாள். அதுவும் உள்ளே இருப்பது தெரிகிற பைதான், ஜிப்பும் உண்டு, ஆனால் அதற்குள் எண்ணெய் பாட்டிலோடு என்னையும் போட்டு மூடலாம்.

இதற்கிடையில் அம்மாவுக்குக் கனவு வர ஆரம்பித்தது. காலையில் காப்பி கொடுக்கும்போது, அக்கம்பக்கத்தில் நடந்ததைச் சொல்வது போலச் சொல்வாள். முதல் கனவில் ஏர்போர்ட்டில் பெரிய வரிசை, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடிப் பை, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு வீடு, உள்ளே அடுப்பு எரிகிறது, தறி ஓடுகிறது, யாரோ தலை சீவுகிறார்கள். இரண்டாவது கனவில் விமானமே கண்ணாடிப் பை. எல்லாரையும் உட்காரவைத்து மேலே ஜிப்பை இழுத்து மூடித் தூக்கிவிட்டார்கள். "ஊரே கீழ நின்னு அண்ணாந்து பாக்குதுடா. மறைக்க ஒரு முழத் துணி இல்ல." கனவுக்கெல்லாம் என்னிடம் நேரமில்லை என்றேன். "உங்கிட்ட யாரு நேரம் கேட்டா. தூங்குற நேரத்துல வருது" என்றாள்.

கடையில் கிடைக்காததால் நானே செய்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் மழைக் கவசத்துக்கு வாங்கிய டிபியு என்கிற பிளாஸ்டிக் ஷீட் மிச்சம் கிடந்தது, மேனேஜரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். எண்ணெய்க்கு அசையாது, மடித்தால் வெடிக்காது, ரப்பர் போல இழுபடும். தையலே இல்லாமல் ஓரங்களைச் சூட்டில் ஒட்டினேன். சும்மா சொல்லவில்லை மாமா, நல்ல பை. கசிகிறதா என்று பார்க்க தண்ணீர் நிரப்பி மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன். செத்த நேரம் பார்த்துவிட்டு இறங்குவதாகத்தான் திட்டம். சாயங்கால வெயில் சிறுமலை மேல் விழுகிற நேரம். பைக்குள் பார்த்தால் சிறுமலை தலைகீழாகத் தொங்குகிறது. வானம் அடியில், மலை மேலே, ஒரு கொக்குக் கூட்டம் மல்லாந்தபடி நீந்திப் போகிறது. தண்ணீர் நிறைந்த பை லென்ஸ் போல வேலை செய்யும், படம் தலைகீழாக விழும், இது எட்டாம் வகுப்புப் பாடம். எனக்கும் தெரியும். தெரிந்தும் நகர முடியவில்லை. துணி எடுக்க வந்த அம்மாவும் பக்கத்தில் நின்றுவிட்டாள். எடுத்த துணி தோளிலேயே கிடக்கிறது. "உள்ள இம்புட்டு எடம் இருக்கா" என்றாள். ஒரு லிட்டர் என்றேன். மலை மெதுவாகக் கறுத்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

அன்றைக்கு எனக்கே கனவு வந்தது. சிறுமலையைப் பையில் வைத்துத் தளும்பாமல் கொண்டுபோகிறேன். யாரோ ஒரு ஆபீசர் "எத்தன மில்லி" என்கிறார். "நூறுக்குள்ளதான் சார்" என்கிறேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரி போ என்கிறார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது, நீங்கள் அக்காவிடம் சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் பையைக் காணோம். மேசை மேல் சிவப்புச் சுங்குடியில் ஒரு சுருக்குப் பை இருக்கிறது. தூக்கினால் கனமாக இருக்கிறது. என் பைதான். அம்மா அதற்குச் சுங்குடித் துணியில் உறை போட்டிருக்கிறாள். உறை நழுவக் கூடாது என்று பையோடு சேர்த்துத் தையல் மெஷினில் சுற்றிலும் ஓட்டிவிட்டாள். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை.

"உள்ள இருக்கது தெரியணும்னுதாம்மா இந்தப் பை."

"தெரியக் கூடாதுன்னுதான் உறை."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

"ஏலே, பச்சப் புள்ளைக்குப் போற எண்ணெ. புள்ள பொறக்கவே இல்ல. அதுக்குள்ள பிளேன்ல போற அம்புட்டுச் சனமும் அதக் கண்ணு போட்டா என்னத்துக்காகும்."

அதாவது மாமா, எண்ணெய் அம்மா கண்ணைவிட்டு மறையவும் கூடாது, அடுத்தவர் கண்ணில் படவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பையில் செய்கிற பொருளை உலகத்தில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. திருஷ்டி என்பதே பொய் என்று நான் நீளமாகப் பேசினேன். அம்மா நூல் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "உனக்குச் சின்ன வயசுல கன்னத்துல பொட்டு வைக்காம ஒருநாள் பஜாருக்குத் தூக்கிட்டுப் போனேன். அதுக்கப்புறந்தான் நீ இப்படி பேச ஆரம்பிச்ச" என்றாள்.

இரண்டாவது பை செய்தேன். அதை வைத்து வீட்டில் ஒத்திகை பார்த்தோம். குவைத்துக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு சகாயராணி அக்காதான் ஆபீசர். தோசைத்தட்டுதான் ஏர்போர்ட்டில் பையை வைத்து நகர்த்துகிற தட்டு. சகாயராணி அக்கா விறைப்பாக நின்று, "பையில் என்னம்மா இருக்கிறது" என்று செய்தி வாசிப்பது போலக் கேட்டார்கள். அம்மா, "அது எங்க வீட்டு விசயம்" என்றாள். அப்படிச் சொன்னால் ஓரமாக நிறுத்திவிடுவார்கள் என்றேன். மறுபடி கேட்டார்கள். "எண்ணெ" என்றாள். "என்ன எண்ணெய்?" "அதான் எங்க வீட்டு விசயம்ங்கிறேன்." மூன்றாவது தடவை சகாயராணி அக்கா ஆபீசர் வேலையை விட்டுவிட்டு, பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, "சொர்ணம், என் பேத்திக்கும் கொஞ்சம் காய்ச்சிக் குடேன்" என்று கேட்டுவிட்டார்கள். அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா? ஒத்திகைக்கே கண்ணு பட்டுருச்சு" என்றாள். அப்புறம் ஒரு பாட்டிலை அங்கேயே அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஆசைப்பட்டுக் கேட்டதை வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதனால்தான் உங்களுக்கு இரண்டு பாட்டில் வருகிறது.

பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தோம். உறை கிடையாது. அதற்குப் பதில், குழந்தைக்கு வைப்பது போல, பையின் கீழ் மூலையில் அம்மா ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொள்வாள். இன்று காலை மைச்சிமிழை எடுத்து வட்டமாக, பெரிதாக வைத்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தரம் பார்க்கிற ஆள் நான். என் பையிலேயே ஒரு கறுப்பு.

ஆகவே மாமா, பை வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது. மையை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், ஸ்பிரிட் போடாதீர்கள், பை மங்கிவிடும். அம்மா பேச்சைக் கேட்டு அக்காவை அதற்கு உறை கிறை தைக்க விடாதீர்கள். எண்ணெய் தீர்ந்ததும் பையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, குழந்தை படுத்திருக்கிற அறை ஜன்னலில் தொங்கவிடுங்கள். உங்கள் எதிர்வீட்டு அடுக்குமாடி மொத்தமும் தலைகீழாகத் தொங்கும், அதில் விளக்குகள் எரியும், அவரவர் பால்கனியில் அவரவர் துணி மேல்நோக்கிக் காயும். குழந்தை பார்த்துக்கொண்டே கிடக்கட்டும். தாய்மாமன் சீர் என்று ஏதாவது நான் செய்ய வேண்டுமே, இதை முதல் சீராக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் தாங்கும். என் பொறுப்பு.

வாசலில் இன்னும் அம்மாவைக் காணோம். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வெயில் தார்ரோட்டில் அலை அலையாக ஓடுகிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடக்கிறவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது. சிவப்புச் சேலை கட்டிய ஒவ்வொருவரும் திரும்பி வருகிற அம்மாவாகத் தெரிந்து, பக்கத்தில் வந்ததும் வேறு யாராகவோ ஆகிறார்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் அப்பா அம்மாவிடம் பேசினால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தாய் வேறு பிள்ளை வேறாகச் சுகமாகப் பிரிந்து, நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிற நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு, உங்கள் மச்சினன்,
தனுஷ்

பின்குறிப்பு: அம்மா இப்போதுதான் பேசினாள். எண்ணெய் தப்பித்துவிட்டது. பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டுவிட்டார்களாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம், பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான் சந்தோஷமாக, பை பத்திரமா என்றேன்.

"பை இல்லடா."

கீரனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல்தடவையாகப் புருஷனிடம் போகிறாளாம். அவளுடைய பை உள்ளே காத்திருக்கிற இடத்தில் கிழிந்து, ஷாம்பு சர்டிபிகேட் மேலெல்லாம் ஓடிவிட்டது. அம்மா துடைத்துவிடப் போயிருக்கிறாள். "இந்தப் பை எங்கீங்க வாங்குனீங்க, எம்புட்டு நல்லாருக்குதுங்க" என்று அந்தப் பெண் தடவிப் பார்த்தாளாம். "ஆசையா பாத்துருச்சு அப்பு. ஆசப்பட்ட பொருளப் பேறுகால வீட்டுக்குக் கொண்டு போகலாமா? குடுத்துட்டேன்." எண்ணெய் எங்கே என்றேன். "உறைக்குள்ள இருக்கு. மொதப் பையில இருந்து பிரிச்சு இடுப்புல சொருகிட்டு வந்தேன். இனிமே எவன் பாக்கப் போறான்."

ஆகவே பை பற்றி மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உங்களுக்கு வருவது ஒரு சுங்குடிச் சுருக்குப் பை. உள்ளே இருப்பது தெரியாது.

விமானம் ஏறிவிட்டது. வெயிலில் ஒரு நொடி உள்ளே இருப்பவர்கள் எல்லாம் தெரிகிற மாதிரி இருந்தது. இங்கே நிறைய பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை, குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை இன்னொரு பை செய்துவிடுவேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மைப் பொட்டு கண்ணைத் தடுக்கவில்லை, இந்தத் தடவை பொட்டை நானே அழியாத மார்க்கரில் வைத்துவிடுகிறேன். நீங்கள் துடைக்க வேண்டாம்.