சபாரத்தினத்தாரின் எண்ணெய் முழுக்கு

தண்ணீரில் வானவில் தெரிந்தபோதுதான் ஏதோ பிசகிவிட்டதென்று சபாரத்தினத்தாருக்குப் பட்டது.

முதலில் அதை அவர் ரசித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியின் வெந்நீர்க் குளம். மூட்டு நோவுக்காரரை மார்பளவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிற்க வைத்து, காலைத் தூக்கு, மடக்கு என்று பயிற்சி கொடுக்கும் இடம். சுற்றிவர வெள்ளைக்காரக் கிழவர்கள். நடுவில் பானை வயிற்றோடு இவர். இவரைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக ஒரு வட்டம். இவர் ஓரடி நகர்ந்தார். வட்டமும் நகர்ந்தது.

வெந்நீரில் இறங்குவதென்றால் உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தப்பிக்கொண்டு இறங்குவதுதானே முறை? மத்தியானம் அலுமாரியைத் திறந்தபோது போத்தலில் பாதிதான் கிடந்தது. மனைவி செல்வமலர் கோயில் விளக்குக்கு எடுத்திருப்பாள் என்று நினைத்து, மிச்சத்தை முழங்காலுக்கு வார்த்திருந்தார். இறங்கமுன் ஷவரில் கழுவும்படி சுவரில் எழுதியிருந்தது. எண்ணெய் ஊறவேண்டுமே என்று ஷவரைப் பார்த்துவிட்டு மட்டும் வந்திருந்தார்.

மகள் சிவகௌரிக்கு அடுத்த மாதம் கலியாணம். மணவறையில் சம்மணம் கட்டி இருந்து தாரை வார்க்க வேண்டும். அவருடைய முழங்கால்களோ, பெற்றோல் நிலையத்தில் வருடக்கணக்காக நின்று நின்று, மடங்குவதென்ற பழக்கத்தையே விட்டிருந்தன. கோயிலில் கீழே இருந்தால் அவரை எழுப்ப இரண்டு ஆளும் ஒரு தூணும் தேவைப்பட்டன.

"ஏலாட்டிச் சொல்லுங்கோ," என்றிருந்தாள் செல்வமலர். "என்ர தம்பி பரமேஸ்வரனும் பெஞ்சாதியும் இருந்து தாரை வார்க்கட்டும்."

"ஆருக்கு ஏலாது? உமக்கு ஏலுமோ?"

"எனக்கென்ன, நான் குமரி மாதிரி," என்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

பரமேஸ்வரனா? கலியாண வீடியோ கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகும். ஆயுள் முழுக்க அதில் மகளைத் தாரை வார்ப்பவன் பரமேஸ்வரனாக இருப்பான். ஆகவே வியாழன்தோறும் காலையில் செல்வமலர் கோயிலுக்குப் போய்வர, பின்னேரம் "லைப்ரரியில பேப்பர் வாசிக்கப் போறன்" என்று இவர் குளத்துக்கு வந்துகொண்டிருந்தார். தலை ஈரம் காட்டிக்கொடுக்குமென்ற பயமில்லை. ஈரம் தங்க அங்கே மயிர் இருந்தால்தானே.

ஆனால் போன கிழமை இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கியிருந்தார். சாரம் காற்று வாங்கிப் பரசூட்டாக எழும்பி, அவரைக் குப்புறக் கவிழ்த்து, பாதி இங்கிலாந்துக்கு அவருடைய மறுபக்கத்தைக் காட்டிவிட்டது. "இன்னொரு தரம் இப்படி ஏதும் நடந்தால் உங்களுக்கு வகுப்பில்லை," என்று பயிற்சி தரும் ஜூலி சொல்லியிருந்தாள்.

அந்த இன்னொரு தரம் இப்போது ஊதாவும் பச்சையுமாக மிதந்துகொண்டிருந்தது.

கரையில் கிடந்த துவாயை எடுத்து எண்ணெயை ஒற்றினார். துவாய் நிறைந்தது. அதைப் பிழிய இடமில்லாமல் கைப்பிடிக் கம்பியில் போட்டார். காலைத் தூக்கிக்கொண்டே கம்பியைப் பிடித்த ஹரல்ட் என்ற கிழவர், கம்பி வழியே வழுக்கிக் குளத்தின் மறுகரைக்குப் போய்ச்சேர்ந்தார்.

"இண்டைக்கு எனக்கு நல்ல வேகம்," என்றார் ஹரல்ட், ஆங்கிலத்தில், சந்தோஷமாக.

எண்ணெயை எது போக்கும்? சீயாக்காய். முழுகி முடிந்ததும் தேவைப்படுமென்று அலுமாரியிலிருந்து ஒரு பைக்கற்றும் எடுத்து வந்திருந்தார். ஏற்கெனவே யாரோ வெட்டித் திறந்த பைக்கற். கரையோரம் நகர்ந்து, பையில் கையை விட்டு, ஒரு கைப்பிடி தூவினார். எண்ணெய் அசையவில்லை. பாவம் பார்க்காமல் முழுவதையும் கொட்டினார்.

"எல்லாரும் உதையுங்கள்," என்றாள் ஜூலி அதே நேரம்.

உதைத்தார்கள். குளம் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பிறகு நுரைத்தது. நுரை ஹரல்டின் நாடியைத் தொட்டது, மூக்கைத் தொட்டது, பிறகு ஹரல்டைக் காணவில்லை. கிழவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியைத் தேடினார்கள்.

ஜூலி விசிலை ஊதினாள். "மறுபடியுமா?"

போன கிழமைச் சாரத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சபாரத்தினத்தார் கூனிப்போனார்.

குளத்தைச் சுத்தம் செய்ய எமில்டா வந்தாள். மன்னார்ப் பிள்ளை. மிதந்த பைக்கற்றை வலையால் எடுத்து மணந்து பார்த்தாள்.

"சீயாக்காய்தானே அண்ணை?"

"ஓம் பிள்ளை. ஜூலியிட்டச் சொல்லப்போறீரோ?"

"சொல்லத் தேவையில்லை. அண்ணையைச் சுத்தித்தானே வட்டம்."

சபாரத்தினத்தார் துவாயைப் போர்த்துக்கொண்டு கரையிலிருந்த வாங்குப்பலகையில் இருந்தார். எண்ணெயில் வழுக்கிப் பிறகு நிமிர்ந்து இருந்தார்.

"வகுப்புப் போனாப் போகட்டும் பிள்ளை. வீட்டில என்ர மனிசி செல்வமலருக்கு மட்டும் தெரிய வரக்கூடாது. தெரிஞ்சால் மணவறையில பரமேஸ்வரன் ஏறிடுவான்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

எமில்டா தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய நேரமெடுத்தது.

"காலமை பொம்பிளையளின்ர வகுப்பில செல்வமலர் அக்காவும் இதே எண்ணெய், இதே சீயாக்காயைக் கொட்டிப்போட்டு, 'மணவறையில நான் இருக்கவேணும், அந்த மனிசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும் பிள்ளை' எண்டு இப்பிடித்தான் அண்ணை கும்பிட்டவ."