புழுக்கட்டுச் சாமியின் திருநீறு

வீரகேரளம்புதூர் வட்டாரத்துப் பருத்திக் காடுகளில் காய்ப்புழுவைவிட வேகமாகப் பரவியது ஒரு பெயர்: புழுக்கட்டுச் சாமி! குற்றாலத்து அருவிக்கு மேலே, மனிதர் கால்படாத குகையில் தவம் செய்தவராம். தவம் முடிந்ததும் நேராக ஒரு லாட்ஜுக்கு வந்து, வெந்நீர் வருகிற அறையாகப் பார்த்துத் தங்கிவிட்டார். ஞானிக்கும் சளி பிடிக்கும் அல்லவா?

சாரலில் நனைந்துகொண்டு கூட்டம் நின்றது. அருவிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட, குளிக்கிற வரிசை இதுதான் போலும் என்று துண்டோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அற்புதம் இதுதான். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் புழுக்கள் நெளியும். சாமி கண்ணை மூடி உறுமுவார். ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவுவார். புழுக்கள் துடிக்கும், சுருளும், அடங்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கை கொடுத்தவர்களுக்கு மூட்டை மூட்டையாகத் திருநீறு, கூடவே ஓர் எச்சரிக்கை:

"மனுசன் நாக்குல மட்டும் பட்டுறக் கூடாது. இது புழுவுக்குண்டான மந்திரம்!"

அடிவாரத்து மேட்டில் பருத்தி போடும் அய்யாத்துரை, சாமியின் முதல்தரமான பக்தர். அந்த மேட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பருத்தி எடுத்து முடிந்ததும், மிஞ்சி நிற்கும் செடியை, அதாவது மாரை, பிடுங்கி எரித்துவிடுவார்கள். அந்த நிலத்தைப் புதர் மண்ட விட்டுவிட்டு, வேறு துண்டில் போய் விதைப்பார்கள். தின்ன ஒன்றுமில்லாமல் புழு ஒழிந்துபோகும். போன வருடச் சாரலின்போது வந்த சாமி, "நான் இருக்கையில நிலத்தை எதுக்கு மாத்துதீக? மாரை எதுக்கு எரிக்கீக?" என்று அருளினார். அய்யாத்துரை அதே நிலத்தில் மறுபடியும் விதைத்தார். புழு குடும்பத்தோடு காத்திருந்தது. புழுவைப் பெருக்கியவரும் சாமி, அதற்குத் திருநீறு விற்றவரும் சாமி. படைத்தலும் அழித்தலும் ஒரே லாட்ஜில்!

அய்யாத்துரை திருநீற்றை வெறுங்கையால் காடு முழுக்கத் தூவினார். வீட்டுக்கு வந்ததும் வாந்தி, வாயில் நுரை, கை கால் வெட்டி இழுத்தது. அவர் மனைவி ஆனந்தவள்ளி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"என்ன மருந்தும்மா அடிச்சாரு?" என்றார் டாக்டர்.

"மருந்தே அடிக்கலையே. திருநீறுதான் தூவுனாக."

"திருநீறு தூவினா கண்ணு பாப்பா இப்படி ஊசிமுனையாச் சுருங்காதும்மா. இது பூச்சிமருந்து விஷம்."

கணவன் கண் விழிக்கும்வரை அவள் கட்டிலோரத்திலேயே இருந்தாள். அவர் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சாமிகிட்டச் சொன்னியாட்டி?" என்பதுதான்.

"இப்பப் போய்ச் சொல்லுதேன்" என்று எழுந்தாள்.

போகிற வழியில் காட்டில் இறங்கிச் சொத்தைக் காய்களைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் சாம்பலும் அள்ளிக்கொண்டாள். லாட்ஜில் கூட்டத்தை விலக்கி முன்னே போனாள். காய்களைப் பிளந்து, புழுக்களைத் தாம்பாளத்தில் போட்டு, பக்கத்தில் கிண்ணத்தை வைத்தாள்.

"சாமி, மந்திரத்துக்குத்தான சக்தி? இந்தச் சாம்பல்ல ஓதித் தூவுங்க பாப்போம்."

சாமிக்கு வியர்த்தது. கூட்டம் பார்க்கிறதே! ஓதினார், உறுமினார், தூவினார். புழுக்கள் சாம்பலை உதறிவிட்டு ஊர்ந்தன. ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறியது.

"அடுப்புச் சாம்பல் தீட்டும்மா. மந்திரம் ஒட்டாது" என்றார்.

"சரி, ஒங்க திருநீறாவே இருக்கட்டும். இப்ப நீங்க வாயே தெறக்கக் கூடாது."

அவள் முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, அவருடைய திருநீற்றை எடுத்துத் தூவினாள். மந்திரம் இல்லை, உறுமல் இல்லை. புழுக்கள் துடித்தன, சுருண்டன, அடங்கின.

"பாத்தீகளா? மந்திரம் போட்ட சாம்பலுக்குச் சாவல. மந்திரமே போடாத இதுக்குச் செத்துட்டு. பூச்சிமருந்துப் பொடியைக் கலந்து திருநீறுன்னு குடுத்திருக்கான்! எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்காரு."

முன்வரிசையில் நின்ற செல்லப்பா கைகூப்பினார். "ஓதாமலே சாவுதுன்னா எம்புட்டுச் சக்தி!"

"அண்ணாச்சி, அம்புட்டுச் சக்தின்னா ஒரு வாய் அள்ளித் தின்னுங்களேன்" என்று அவள் திருநீற்றுத் தட்டை நீட்டினாள்.

செல்லப்பாவின் கைகள் பிரிந்தன. பக்தி அவ்வளவுதான்.

அவள் சாமியிடம் திரும்பினாள். "அப்ப நீங்க தின்னுங்க!"

சாமி தின்னவில்லை. எழுந்தார். குகையில் கற்ற வித்தையோ என்னவோ, காவியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் பிரமாதமாக ஓடினார். வாசலில் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள். அய்யாத்துரை பிழைத்து வந்து, மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டே மாரைப் பிடுங்கி எரித்தார்.

ஆனாலும் ஸ்டேஷன் வாசலில் இரண்டு பேர் தேங்காய் பழத்தோடு நின்று, சாமி எப்போது ஜாமீனில் வருவார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

புழுவுக்கு மூளை கடுகளவுகூட இல்லை. அதுவே மந்திரத்துக்கு மசியவில்லை. நமக்கோ தேங்காயளவு இருக்கிறது. அதை எந்தச் சாமி முன்னாலும் உடைக்க வேண்டாம் ஐயா, கொஞ்சம் பயன்படுத்திப் பார்த்தால் போதும்!